பாப்பாவுக்கு ஒட்டுத்துணி விரிப்பு: வீடே சேர்ந்து தைப்பது எப்படி?

நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தும் வழக்கம் அதிகம் இல்லை. தாத்தாவின் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி, பாட்டியின் நூல் புடவை, இவைதான் முதல் விரிப்பு. தூளியும் பெரும்பாலும் அந்தப் புடவையில்தான். அதே துணிகளைச் சதுரமாக வெட்டி, அத்தை, சித்தி, மாமா, சிநேகிதிகள் கொடுக்கும் துணிகளோடு சேர்த்து ஒரே விரிப்பாகத் தைத்துவிடலாம். நேர்க்கோட்டில் தைக்கத் தெரிந்தால் போதும். வளைவு, டக், சுருக்கம் எதுவும் இதில் வராது.

பல பேர் சேர்ந்து தைக்கும்போது விரிப்பு கோணலாகப் போவதற்குத் தையலை விட வெட்டுதான் பெரும்பாலும் காரணம். ஆளாளுக்கு ஒரு ஸ்கேலை வைத்து வெட்டி அனுப்பினால் எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் சேராது. அதனால் தைக்கப் பத்துக் கை இருக்கலாம், வெட்டுவது மட்டும் ஒரே கையாக இருக்கட்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

இது தரையில் விரிப்பதற்கு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விடலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிட வேண்டாம். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, குயில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) போன்ற மெத்தென்ற பொருள் எதுவும் கிடக்கக்கூடாது என்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அறிவுறுத்துகிறது. முகத்தின் மேல் விழுந்தால் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது, மூச்சு முட்டும். பரிசாகக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. குழந்தை குப்புற விழப் பழகுவது நாலைந்து மாதத்தில்தான். பிறப்பதற்கு முன் குழந்தைக்கென்று எதுவும் தைக்கக்கூடாது என்று நினைக்கும் வீடுகள் நிறைய உண்டு. அவர்கள் வளைகாப்புக்கு எல்லோரும் கூடும்போது துணியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, தையலைக் குழந்தை பிறந்த பிறகு ஆரம்பிக்கலாம். அப்போதும் நேரத்துக்கு முடிந்துவிடும்.

அளவும் கணக்கும்

வரிசைக்கு 6 சதுரம், மொத்தம் 6 வரிசை, ஆக 36 சதுரம். ஒவ்வொன்றையும் 6½ இன்ச்சுக்கு 6½ இன்ச்சாக வெட்டுகிறோம். எல்லா ஓரத்திலும் கால் இன்ச் தையலுக்குப் போக, தைத்தபின் 6 இன்ச் சதுரமாக நிற்கும். முடிந்த விரிப்பு ஏறக்குறைய 36 இன்ச்சுக்கு 36 இன்ச் இருக்கும். குழந்தை உருளுவதற்கும், வாளியில் துவைப்பதற்கும் இது சரியான அளவு.

36 என்பது பங்கு போட நல்ல எண். 12 பேர் என்றால் ஆளுக்கு 3 சதுரம், 9 வீடு என்றால் வீட்டுக்கு 4.

அடித்துணிக்கு ஒரு நாலு முழ வேட்டியோ நூல் கைலியோ போதும். இரண்டின் அகலமும் 40 இன்ச்சுக்கு மேல் இருப்பதால் ஒட்டுப் போட வேண்டியதில்லை. நடுவில் வைக்க ஒரு பழைய நூல் புடவை. ஐந்தரை மீட்டர் புடவையை 40 இன்ச் நீளத்துக்கு வெட்டினால் ஐந்து அடுக்கு கிடைக்கும், நமக்கு மூன்று போதும். கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டை நம் ஊர் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வியர்க்கும், மழைக்காலத்தில் காயவும் நேரமெடுக்கும். வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்து கோதடி என்ற விரிப்புகளிலும் பழைய புடவையைத்தான் அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிறார்கள்.

துணி கேட்பது

"ஏதாவது பழைய துணி கொடுங்கள்" என்று கேட்டால் ஜரிகைப் புடவையும் ஜார்ஜெட்டும்தான் வந்து சேரும். தெளிவாகக் கேளுங்கள்: சுத்தமான நூல் துணி, 10 இன்ச்சுக்குக் குறையாத துண்டு, வெட்டாமல் அப்படியே அனுப்பவும். ஜரிகை, சமிக்கி, கண்ணாடி, பட்டன், ரப்பர் பிரிண்ட் எதுவும் வேண்டாம். ஜரிகை குழந்தையின் தோலைக் கீறும். சமிக்கி கழன்றால் நேராக வாய்க்குள்தான் போகும்.

டூ பை டூ ஜாக்கெட் துணி, பாப்ளின், கைத்தறிச் சட்டை, சுங்குடி, கண்டாங்கி எல்லாம் அருமையாகப் பொருந்தும். ஒரு பெரியவர் சட்டையின் முதுகுப் பக்கத்தில் மட்டும் ஆறு சதுரமாவது தேறும். வந்த துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிந்தாலோ, இரண்டு கட்டைவிரலால் இழுத்தால் கிழிகிற சத்தம் கேட்டாலோ அது மேல்பக்கத்துக்கு ஆகாது. அதைத் தூக்கிப் போட வேண்டாம், நடு அடுக்கில் வைத்துவிடுங்கள். கொடுத்தவர் மனமும் கோணாது.

எல்லாத் துணியையும் ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும். புதுத் துணி சுருங்கும், சாயம் போகும். சிவப்பிலும் கருநீலத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். ஈரத்துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு முறை அலசிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுவதே நல்லது, ஒரு துண்டு சிவப்பு முழு விரிப்பையும் கறையாக்கிவிடும்.

வெட்டுவது

பழைய நூல் துணி வழவழவென்று நழுவும். அதற்கு நம் கைவசமே மருந்து இருக்கிறது. லேசாகக் கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி செய்யுங்கள். துணி காகிதம் மாதிரி விறைத்து நிற்கும், சதுரம் பிசகாமல் வரும். முடித்துவிட்டுத் துவைக்கும்போது கஞ்சி போய்விடும்.

இரண்டு அச்சு செய்துகொள்ளுங்கள், ஒன்று 6½ இன்ச் சதுரம், இன்னொன்று 6 இன்ச் சதுரம். கெட்டி அட்டையில் செய்யலாம். கழுவித் துடைத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் செய்தால் அடியில் பூ எங்கே விழுகிறது என்று பார்த்தபடியே வைக்க முடியும்.

அச்சின் ஓரம் துணியின் பாவு (நீளவாக்கு) அல்லது ஊடை (குறுக்கு) இழைக்கு நேராக இருக்க வேண்டும். கிராஸாக வெட்டிய சதுரம் தைக்கும்போது இழுபட்டு நீளும். எது நேர் இழை என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள், அது போகும் பாதைதான் நேர்.

பெரிய அச்சை வைத்து வெட்டியபின், ஒவ்வொரு துண்டின் கெட்ட பக்கத்திலும் சின்ன அச்சைச் சரியாக நடுவில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். கருப்புத் துணிக்கு வெள்ளைப் பென்சில். 36 துண்டிலும் கோடு போடுவது அலுப்பான வேலைதான், ஆனால் பல பேர் தைக்கும் விரிப்புக்கு இந்தக் கோடுதான் உயிர். மெஷினில் தைப்பவரும், கையால் தைப்பவரும், இன்றைக்குத்தான் ஊசி பிடிக்கும் பத்து வயதுப் பெண்ணும் இதே கோட்டில் போனால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் நிற்கும்.

அடுக்கிப் பார்ப்பது

துண்டுகளைத் தரையில் 6க்கு 6 ஆகப் பரப்பிவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிடுங்கள், இது அவர்கள் வேலை. ஒரே வீட்டுத் துணி இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது, அடர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம், இந்த இரண்டு விதியை மட்டும் சொல்லிக் கொடுங்கள். போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எங்கே இருட்டு குவிந்திருக்கிறது என்று உடனே தெரியும். படத்தை அழிக்க வேண்டாம், குழம்பினால் அதுதான் வழிகாட்டி. அப்புறம் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வரிசை எண் எழுதிய சீட்டை ஊக்கால் குத்திவிடுங்கள். இனி யார் எந்த வரிசையை எடுத்துக்கொண்டு போனாலும் கலங்காது.

வரிசை தைப்பது

இரண்டு துண்டை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்க வைத்து, இரண்டின் பென்சில் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று குண்டூசி குத்திப் பார்த்து, கோட்டின் மேலேயே ஓரம் முதல் ஓரம் வரை தையுங்கள். மெஷினில் தையல் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை உள்ளே விடலாம், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிக்கொள்ளலாம். நேரமும் நூலும் மிச்சம்.

மெஷின் இல்லாதவர் கையால் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் தையல்) போட்டு, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு பின் தையல் போட்டால் பிரியாது.

இஸ்திரி போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 1, 3, 5ஆம் வரிசைகளில் உள்ளே மடியும் தையல் துணியை வலது பக்கம் சாய்க்க வேண்டும், 2, 4, 6இல் இடது பக்கம். வரிசைகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போது இந்த எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நான்கு சதுரம் கூடும் மூலை அப்போது பிசகாமல் அமையும், அந்த இடமும் தடித்து நிற்காது. முதலில் மூலைகளில் குண்டூசி குத்துங்கள், பிறகுதான் நடுவில்.

ஆறு வரிசையும் சேர்ந்தபின் ஒருமுறை முழுக்க இஸ்திரி போடுங்கள். கால் இன்ச் அப்படி இப்படி இருந்தால் பிரிக்காதீர்கள். துவைத்தபின் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றையும் சேர்ப்பது

சிமெண்ட் தரையைத் துடைத்துவிட்டு, 40 இன்ச் அடித்துணியைக் கெட்ட பக்கம் மேலே தெரியும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். ரொம்ப இழுத்துவிட்டால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் புடவை அடுக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே நாம் தைத்த சதுரத் துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கத்தை நீக்கி, நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்துங்கள்.

குத்தும் ஊக்குகளை எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். தைக்க உட்காரும்போது எத்தனை ஊசி கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். முடிந்தபின் அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும் வரை விரிப்பு குழந்தையிடம் போகக்கூடாது. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

எல்லோரும் சுற்றி உட்காரும் நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிடுங்கள். இதுவரை வரிசை வரிசையாகப் பிரிந்து நடந்த வேலை இங்கேதான் ஒன்றாகிறது. விரிப்பை நடுவில் போட்டு நாலு பக்கமும் உட்கார்ந்தால் எட்டுப் பேர் வரை ஒரே நேரத்தில் தைக்கலாம். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்று இழை எடுத்து, முழங்கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீளமானால் சிக்கும். தையல் கோட்டிலிருந்து கால் இன்ச் தள்ளி, எல்லா அடுக்கையும் சேர்த்துக் கால் இன்ச் நீள ஓட்டுத் தையல். முடிச்சை மேல் துணிக்கு அடியில் இழுத்துப் புதைத்துவிடுங்கள், வெளியே நின்றால் குழந்தையின் விரல் அதைத்தான் தேடும்.

எப்போதும் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் துணி நடுவில் புடைத்து நிற்கும். முதல் ஒரு மணி நேரம் இரண்டு மூன்று பேர் நடுப்பகுதியைத் தைக்கட்டும், மற்றவர்கள் ஊசி கோத்துக் கொடுக்கட்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனத்துப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற ஒட்டுத்துணி விரிப்பு இதற்கு நேர்மாறு. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஆனால் அங்கே துண்டுகளை முன்கூட்டியே இணைப்பதில்லை, போகிற போக்கில் ஒவ்வொன்றாக வைத்து மடித்துத் தைப்பார்கள், அதனால் புடைக்காது. நம் முறையில் நடுதான் ஆரம்பம்.

ஒருவர் தையல் பொடிப்பொடியாக இருக்கும், இன்னொருவருடையது எட்ட எட்ட இருக்கும். யார் தையலையும் பிரித்து மறுபடி போடாதீர்கள். விரலை நுழைத்தால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமான தையல் இருந்தால் மட்டும் மேலே இன்னொரு வரி போட்டுவிடுங்கள். பாட்டியின் கை நடுங்கியதும் தம்பி அவசரமாகப் போட்டதும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பேரைக் கூப்பிட்டோம்.

ஓரம் மடிப்பது

நடு அடுக்கை மேல் துணியின் ஓரத்தோடு சமமாக வெட்டுங்கள். அடித்துணியை மட்டும் சுற்றிலும் ஒரு இன்ச் கூடுதலாக விட்டு வெட்டுங்கள், நிதானமாக, அடியில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு. இந்த ஒரு இன்ச்சை அரை இன்ச் உள்ளே மடித்து, மறுபடியும் மடித்து மேல் துணியின் ஓரத்தை மூடினால் அதுவே பார்டர். மூலையில் முதலில் முனையைக் குறுக்காக மடித்து, பிறகு இரண்டு பக்கத்தையும் மடித்தால் சாய்வாக அழகாகச் சேரும். மெஷினில் 14ஆம் நம்பர் ஊசி போட்டு ஓரத்தை ஒட்டி ஒரு தையல், அல்லது கையால் ஹெம்மிங். கைலியை அடித்துணியாக வைத்திருந்தால் கட்டம் போட்ட பார்டர் கிடைக்கும், அழுக்கும் சட்டென்று தெரியாது.

பின்பக்க மூலையில் குழந்தை பிறந்த மாதம், வருடம், துணி கொடுத்தவர்கள், தைத்தவர்கள் பெயர்களைச் சங்கிலித் தையலில் போடுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு வெள்ளைத் துண்டில் துணிக்கான பேனாவால் எழுதி, சுற்றிலும் ஹெம்மிங் செய்து ஒட்டுப் போடலாம்.

குழந்தையிடம் கொடுக்கும் முன் வாசனை இல்லாத சோப்பில் துவைத்துக் கஞ்சியையும் பென்சில் கோட்டையும் போக்கிவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல், கொடியில் இரட்டையாகப் போட்டு, பின்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காயவைத்தால் நிறம் மங்காது. எங்காவது ஒரு சதுரம் நைந்துபோனால் அதே 6½ இன்ச் அச்சில் வேறு துணி வெட்டி, நாலு ஓரத்தையும் உள்ளே மடித்து அதன்மேலேயே தைத்துவிடலாம். அதற்காக அச்சு இரண்டையும் மீந்த துணிகளையும் ஒரு பையில் போட்டு விரிப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.