ஸ்பிரிங் ஏர் ரைபிளும் ஸ்கோப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஸ்கோப் மாட்டினேன். ஒரு வாரம் குறி வைத்த இடத்திலேயே பெல்லட் விழுந்தது. இப்போது ஒன்று இங்கே, அடுத்தது அங்கே. ரைபிள் கெட்டுப்போச்சா?" ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்தி, பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டைச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைபிளைப் புதிதாக வாங்கி, அதன் மேல் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்டிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். பெரும்பாலும் ரைபிளில் ஒரு குறையும் இருக்காது. இதையும் வெடிமருந்துத் துப்பாக்கி மாதிரி நினைத்து அவர்கள் செய்த ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ட்ரிக்கரை அழுத்தும்போது உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குழலை மடக்கி லோடு செய்கையில் ஒரு கனமான ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கொக்கி விடுபட்டதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் ரைபிள் பின்னால் உதைக்கிறது. சிலிண்டரின் கடைசியில் நசுங்கிய காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது, அதே ரைபிள் முன்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுகிறது. இந்த இரட்டை உதைப்புதான் ஸ்பிரிங் ரைபிளின் குணம். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஓர் உண்மையை மறப்பதால் வருபவை.

முதலில் ஸ்கோப். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த விலை உயர்ந்த ஸ்கோப் என்றால் ஏர் ரைபிளின் சின்ன உதையைத் தாங்காதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும், அதனால் அதன் ஸ்கோப்பில் லென்ஸுகளை அந்த ஒரு திசை அதிர்ச்சிக்கு ஏற்றபடிதான் இறுக்கியிருப்பார்கள். முன்பக்க வெட்டு அதற்குப் பழக்கமில்லாதது. எனக்குக் கிடைத்த ஒரு ஸ்கோப்பில் சில நூறு ஷாட்டுக்குள் உள்ளே இருந்த சிலுவைக் கோடு சாய்ந்துவிட்டது. விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். வெறுமனே 'ஏர்கன்' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் பிசிபி ரைபிளும் ஏர்கன்தான், அதில் உதைப்பே கிட்டத்தட்ட இல்லை.

இரண்டாவது, பேரலாக்ஸ். பைக்கின் பின்சீட்டில் இருந்து ஸ்பீடோமீட்டரை எட்டிப் பாருங்கள். ஓட்டுபவருக்கு 40 காட்டும் முள் உங்களுக்கு 45 காட்டும். முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் கண் நகர்ந்தால் அளவும் நகர்கிறது. ஸ்கோப்பிலும் இதேதான். வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்புகளைப் பொதுவாக 100 கஜத் தூரத்துக்குச் சரிசெய்து வைத்திருப்பார்கள். நாம் சுடுவதோ 10 முதல் 40 மீட்டர். அந்தத் தூரத்தில் இலக்கு மங்கலாகத் தெரியும், கன்னம் ரைபிளின் கட்டையில் கொஞ்சம் மாறிப் படிந்தாலும் குறி தள்ளிப்போகும். முன்லென்ஸிலோ பக்கவாட்டிலோ தூரம் திருகும் வளையம் இருந்து, அது 10 கஜம் வரை இறங்கினால்தான் நமக்குப் பயன்படும். உங்களிடம் இருப்பது சரியா என்று பார்க்க, ரைபிளை மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். சிலுவைக் கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால் வளையத்தை இன்னும் திருக வேண்டும்.

உருப்பெருக்கத்தில் ஆசைப்படுவது மூன்றாவது தவறு. பெரிய எண் நல்ல எண் என்று 6-24 (6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்) வாங்கிவிடுகிறார்கள். ஸ்கோப் கனமாகக் கனமாக அந்த முன்வெட்டில், ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் மவுண்டை இழுக்கும் சக்தியும் கூடுகிறது. அதிக உருப்பெருக்கத்தில் உங்கள் நாடித்துடிப்பே இலக்கில் ஆடும். வெவ்வேறு தூரத்தில் உள்ள இலக்குகளை ஏர் ரைபிளில் சுடும் ஃபீல்டு டார்கெட் ஆட்டக்காரர்கள் பெரிய ஸ்கோப் வைத்திருப்பது உண்மைதான். 1980ல் இங்கிலாந்தின் சஸெக்ஸில் தொடங்கிய அந்த விளையாட்டில், இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஃபோகஸ் வளையத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள், அதற்காகத்தான் அவ்வளவு பெரிது. வீட்டுக் கொல்லையிலும் தோப்பிலும் சுடுபவருக்கு 2-7x32 (2 முதல் 7 மடங்கு, முன்லென்ஸ் 32 மி.மீ.) தாராளம், 3-9x40 போதும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் சுடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் நிறைய. அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை, சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட்தான். அந்த ரைபிள்களும் இப்போது அழுத்தக் காற்றில் இயங்குபவை. அந்தக் கனவு உள்ள பிள்ளை நேராக ஒரு ரைபிள் கிளப்பில் சேர்வதே நல்லது. மற்றவர்களும் முதல் ஐந்நூறு பெல்லட்டை ரைபிளோடு வரும், லென்ஸ் இல்லாத திறந்த சைட்டிலேயே சுட்டுவிடுங்கள். அதற்குள் ரைபிளும் படியும், கையும் படியும். அப்புறம் ஸ்கோப் மாட்டலாம்.

மவுண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலான ஸ்பிரிங் ரைபிள்களின் மேல் 11 மி.மீ. அகலப் பள்ளம்தான் இருக்கும். ராணுவ பாணி ரைபிளுக்கான அகல மவுண்ட் அதில் உட்காராது. உட்கார்ந்த மவுண்டும் உதைக்கு உதை பின்பக்கமாக ஊரும். இதைத் தடுக்க மவுண்டின் அடியில் ஒரு நிறுத்து ஊசி இருக்க வேண்டும், அது ரைபிளின் மேலே உள்ள துளையில் இறங்கி நிற்க வேண்டும். ஒரே துண்டாக வரும் மவுண்ட் இன்னும் உறுதி. ஊசி இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் முறுக்கி முறுக்கி இறுக்கினால் ஸ்கோப் குழாய்தான் நசுங்கும். மவுண்ட் உட்கார்ந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு வையுங்கள். குறி தவறும் நாளில் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும், ஊர்ந்ததா இல்லையா தெரிந்துவிடும்.

மடக்கும் குழல் ரைபிள்களில் இன்னொரு தொல்லை உண்டு. குழல், ஸ்கோப் உட்காரும் தளத்தைவிட லேசாகக் கீழே சாய்ந்திருக்கும். எல்லாப் பெல்லட்டும் கீழே விழுகிறது என்று ஸ்கோப்பின் மேல் திருகை அதன் எல்லைவரை கொண்டுபோவார்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்புக்குள் சிலுவைக் கோட்டைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்து, உதைக்கு உதை குறி அலையும். சாய்வைச் சரிக்கட்டப் பின்பக்கம் உயரமாகச் செய்த மவுண்ட் கிடைக்கிறது. இல்லையென்றால் பின் வளையத்தில் குழாயின் அடியில் பழைய ஃபிலிம் சுருளில் ஒரு சிறு துண்டு வைத்தால் போதும்.

பிடிக்கும் விதத்தைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. இறுக்கிப் பிடிப்பது, தோளில் அழுத்திச் சேர்ப்பது, முன்கட்டையை நேராகக் கல்லின் மேல் வைப்பது, மூன்றும் ஸ்பிரிங் ரைபிளைக் கெடுக்கும். ரைபிள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைந்தால்தான் பெல்லட் ஒரே இடத்துக்குப் போகும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் முன்கட்டையைச் சும்மா படுக்க வையுங்கள், விரல்கள் பற்ற வேண்டாம். வலது கை ட்ரிக்கருக்கு வேண்டிய அளவு மட்டும் பிடிக்கட்டும். தோள் தொட்டால் போதும். சுட்ட பிறகும் ஒரு நொடி அசையாமல் இலக்கையே பாருங்கள். உள்ளங்கை ட்ரிக்கர் வளையத்துக்கு அருகே இருப்பதா, இன்னும் முன்னால் இருப்பதா என்பது ரைபிளுக்கு ரைபிள் மாறும். ஒரு சாயங்காலம் செலவழித்து உங்கள் ரைபிளுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். புது ஸ்கோப்பைவிட அதிக பலன் தருவது அந்த ஒரு சாயங்காலம்தான்.

பெட்டியின் மேல் நொடிக்கு 1,200 அடி என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் மிக இலேசான உலோகக்கலவை பெல்லட்டில் எடுத்தது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,120 அடி. அதை நெருங்கும்போது இடை மெலிந்த, பாவாடை விரிந்த அந்த ஈயப் பெல்லட் தடுமாறத் தொடங்கும். 900 அடிக்குள் இருந்தால் நேராகப் போகும். 0.177 அங்குலக் குழல் உள்ள ரைபிளுக்கு 8 கிரெய்ன் (சுமார் அரை கிராம்) எடையுள்ள ஈயப் பெல்லட்டில் தொடங்கி, நாலைந்து வகை சுட்டுப்பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரும்பு உருண்டை வேண்டவே வேண்டாம், குழலின் உள்வரிகளைத் தேய்த்துவிடும், கடினமான இடத்தில் பட்டால் திரும்பியும் வரும்.

பெல்லட் இல்லாமல் 'சும்மா' சுட்டுப் பார்ப்பதும் ரைபிளுக்கு ஆகாது. பெல்லட் அடைத்திருந்தால்தான் காற்று பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்கும். இல்லையென்றால் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். அதேபோல் சிலிண்டருக்குள் தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள். நசுங்கும் காற்றின் சூட்டில் அது டீசல் என்ஜின் போலப் பற்றிக்கொண்டு வெடிக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேல் போனாலோ ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். பிரிட்டனில் ரைபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, ஏறக்குறைய 16 ஜூல், ஸ்காட்லாந்தில் அதற்குள் இருந்தாலும் சான்றிதழ் தேவை. ஜெர்மனியில் 7.5 ஜூல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏர் ரைபிளே உரிமம் வேண்டிய ஆயுதம். அங்கிருந்து ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒன்று போட்டுக்கொண்டு வரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொக்கையும் புறாவையும் குறிவைப்பதும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். சுட அட்டையும் தகரமும் கிடைக்கும்போது ஓர் உயிரைத் தொட என்ன அவசியம்? அட்டைக்குப் பின்னால் பழந்துணி இறுக்கி அடைத்த பெட்டி ஒன்று வையுங்கள், கண்ணாடி போடுங்கள், முடிந்ததும் ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லோடு செய்யும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்தே இருங்கள். கொக்கி நழுவினால் விரல் போகும்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று, குறி சேர்க்க வேண்டும். இங்கும் அவசரம்தான் எதிரி. ஒரு பெல்லட் சுட்டு, ஸ்கோப்பைத் திருகி, இன்னொன்று சுட்டு, மறுபடி திருகி ஒரு டப்பா பெல்லட்டைத் தீர்ப்பவர்கள் உண்டு. ஐந்து சுடுங்கள், ஐந்தும் விழுந்த இடத்தின் நடுவைப் பார்த்து அப்புறம் திருகுங்கள். ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது பொதுவாக 100 கஜத்தில் கால் அங்குலம். 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். ஐந்தும் சிதறியே விழுந்தால் ஸ்கோப்பைத் தொடும் முன் கட்டையின் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அதிர்வில் அவைதான் முதலில் தளரும். அப்புறம் மவுண்ட் ஸ்க்ரூ, அப்புறம் அந்த நகப்பூச்சுக் கோடு, அப்புறம் உங்கள் பிடி, அப்புறம் வேறு பெல்லட். இவ்வளவும் பார்த்த பிறகும் சிதறினால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுத் திறந்த சைட்டில் பத்துச் சுடுங்கள். அதில் ஒரே இடத்தில் விழுந்தால், கோளாறு ஸ்கோப்பில்தான்.