ஏப்ரல் மழையில், எதிர்காற்றில்: முதல் சைக்கிள் கிளப் ரைடுக்குப் போவது எப்படி?

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், சர்பிடன், டோல்வொர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் சரே ஹில்ஸ் குன்றுகள் வந்துவிடும். 2012 ஒலிம்பிக்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆண்கள் ஒன்பது சுற்றும் பெண்கள் இரண்டு சுற்றும் வந்த பாக்ஸ் ஹில் சாலையில் நாமும் ஏறலாம், யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். ஞாயிறு காலை கும்பலாகப் போகும் கிளப்காரர்களைப் பார்த்து "நாமும் சேரலாமா" என்று குளிர்காலம் முழுக்க யோசிப்போம். ஏப்ரலில் துணிந்து கிளம்பினால் அன்றைக்கென்று மழையும் காற்றும் கைகோத்துக்கொண்டு வரும். வசந்தம் என்று பெயர்தான்.

அப்படி ஒரு நாளை ஒப்பேற்றுவது எப்படி என்று, நான் அடிக்கடி போகும் 65 கிலோமீட்டர் வழியை வைத்தே சொல்கிறேன். கிளப்பில் இதை நாற்பது மைல் என்பார்கள்.

1. குழுவைத் தேர்ந்தெடுங்கள்

வேகத்தை வைத்துக் குழு பிரித்திருப்பார்கள். தனியாக எவ்வளவு வேகம் போகிறவராக இருந்தாலும் முதல் தடவை மெதுவான குழுவுக்கே போங்கள். 'நோ டிராப்' என்று போட்டிருந்தால், பின்தங்கியவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்று அர்த்தம். பல கிளப்களில் உறுப்பினராகும் முன் இரண்டு மூன்று ரைடு வந்து பார்க்க விடுவார்கள்.

இன்னொன்று: மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். போன் தானாக மாறிவிடும், சமையலறைக் கடிகாரம் மாறாது. அதை நம்பிப் போய் ஆளில்லாத ரவுண்டானாவில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

2. காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மழையைத் தாங்கிவிடலாம், ஆளை முடிப்பது காற்றுதான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நீங்கள் போக, எதிரே 25 கி.மீ. காற்று வீசினால், உடம்பில் மோதுவது 45 கி.மீ. காற்று. முந்தின இரவே மெட் ஆபீஸ் (பிரிட்டனின் வானிலைத் துறை) தளத்தில் திசையைப் பாருங்கள். சராசரி வேகத்தைவிட, திடீரென்று அடிக்கும் வீச்சு எவ்வளவு என்பதுதான் முக்கியம். காற்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. அதனால் கால் புதிதாக இருக்கும்போதே காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள்வது வழக்கம். எங்கள் வழியும் அப்படித்தான்: சர்பிடன், எஷர், காபம், ஈஸ்ட் ஹார்ஸ்லி வரை எதிர்காற்று. பிறகு ரான்மோர் மேட்டின் மேல் கிழக்கே போய் டார்க்கிங்கில் இறக்கம், பாக்ஸ் ஹில் ஏற்றம், டீ, ஹெட்லி, எப்சம் வழியாக வீடு.

3. சைக்கிளையும் உங்களையும் தயார் செய்யுங்கள்

மட்கார்டு இல்லாமல் போகாதீர்கள். அது உங்களுக்காக மட்டும் இல்லை. பின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகப் பின்னால் வருபவர் வாய்க்குள் போகும். முதல் ரைடில் நான் மட்கார்டு இல்லாமல் போனேன். ரைடு லீடர் அறுபது வயது அம்மா ஒருவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ இன்றைக்கு முழுக்கக் கடைசியில் வருகிறாய், சரியா?" என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாளே கடைக்குப் போய் மாட்டிவிட்டேன், கீழே ரப்பர் பட்டையோடு.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். 28 மி.மீ. டயருக்கு நான் வழக்கமாக 75 பி.எஸ்.ஐ. வைப்பேன், ஈர நாளில் 65. முன்னும் பின்னும் விளக்கு, பகலிலும் எரியட்டும். இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லீவர், பம்ப்.

உடைக்கு ஒரே விதி: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயவே காயாது. மெரினோ கம்பளி பனியன், அதன் மேல் ஜெர்சி, அதன் மேல் மழை ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். எதை மறந்தாலும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்னொரு ஜோடி கையுறையை மறக்காதீர்கள்.

சாப்பிட பேரீச்சம்பழம் வையுங்கள். கடலை மிட்டாய் கொண்டுபோய்ப் பார்த்தேன். எட்டு டிகிரி குளிரில் கல்லாகி, பல்லைப் பதம் பார்த்துவிட்டது.

4. கூட்டத்தில் ஓட்டப் பழகுங்கள்

இந்த ரைடில் கற்க வேண்டிய வித்தை இதுதான், மற்றதெல்லாம் சாமான். முன்னால் போகிறவர் பின்னால் ஒட்டிப் போனால் உழைப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் அவர் முதுகைத் தாண்டி உங்களுக்கு எதுவும் தெரியாது, உங்களைத் தாண்டி உங்கள் பின்னால் வருபவருக்கும் தெரியாது. ஆகவே திடீரென்று எதுவும் செய்யக்கூடாது.

திடீர் பிரேக் வேண்டாம். வேகம் கூடிவிட்டால் மிதிப்பதை நிறுத்துங்கள், அல்லது தலையைக் கொஞ்சம் தூக்குங்கள்; காற்றே பிரேக் போட்டுவிடும். ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழும் நொடியில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கும், பின்னால் இருப்பவர் சக்கரம் அங்கேதான் இருக்கும். எழும்போது பெடலை ஒரு அழுத்து அழுத்திக்கொண்டே எழுங்கள்.

உங்கள் முன் சக்கரம் அடுத்தவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீளக்கூடாது. உரசினால் விழப்போவது அநேகமாக நீங்கள்தான். காய்ந்த நாளில் அரை சைக்கிள் இடைவெளி விடுபவர்கள் ஈர நாளில் ஒரு முழுச் சைக்கிள் விடுவார்கள். புதியவர் இரண்டு விடலாம்.

பள்ளம் வந்தால் விரலால் காட்டி 'ஹோல்' என்று கத்துங்கள். நிறுத்திய வண்டி இருந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒதுங்கச் சொல்லுங்கள். 'சிங்கிள் அவுட்' என்றால் ஒற்றை வரிசை. 'கார் அப்' என்பதில் மட்டும் ஒரு வம்பு உண்டு: சில கிளப்களில் அது முன்னால் வரும் கார், சிலவற்றில் பின்னால் வரும் கார். கிளம்பும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். பலத்த காற்றில் கத்துவது பாதிதான் கேட்கும், கையசைவைத் தவிர்க்காதீர்கள்.

இருவர் இணையாகப் போவது குற்றம் என்று சில கார்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இல்லை. 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட், அதாவது பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு, அதை அனுமதிக்கிறது. 30 மைல் வேகம் வரை முந்தும் கார்கள் குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்றும் சொல்கிறது.

5. உங்கள் முறை வரும்போது

கும்பலில் ஆளுக்கு ஆள் முறைவைத்து முன்னால் போய்க் காற்றை வாங்குவார்கள். முன்னால் போனதும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது எல்லாப் புதியவர்களும் செய்யும் தப்பு. எதிர்காற்றில் வேக மீட்டரைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். பேச முடிகிற அளவு போதும். இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு ஒதுங்குங்கள்.

ரான்மோர் மேட்டில் காற்று வலது பின்பக்கமாக வரும். மரங்கள் மறைக்கும் வரை ஒன்றும் தெரியாது. மரம் முடிகிற இடத்தில் ஒரே தள்ளு, சாலை ஓரத்துக்கு. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையை மடக்கி, ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளேயே ஓட்டுங்கள்.

6. டார்க்கிங் இறக்கம்

இங்கே ஒற்றை வரிசை, நாலைந்து சைக்கிள் இடைவெளி. ரிம் பிரேக்காக (சக்கர விளிம்பைக் கவ்வுவது) இருந்தால் முதலில் பிடித்தது தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், ஒன்றும் நடக்காது; அப்புறம் சட்டென்று கவ்வும். அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் மழையில் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும்.

மழை இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து கூரான ஃபிளிண்ட் கற்களை சாலைக்கு அடித்து வரும். பஞ்சர் ஆனால் எல்லோரும் நிற்பார்கள், கூச்சப்படாதீர்கள். புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவுங்கள். அரிசி நொய் அளவு சில்லு ஒன்று நெருடும். அதை எடுக்காமல் போட்டால் அடுத்த மைலில் திரும்பவும் இறங்குவீர்கள்.

7. டீக்கடையும் வீடும்

பாக்ஸ் ஹில் ஏற்றம் பார்க்கிற அளவுக்கு மோசமில்லை; சுமார் இரண்டரை கிலோமீட்டர், சீரான சரிவு. மேலே நேஷனல் டிரஸ்ட் கஃபே. ஈரக் கையுறையைக் கழற்றி, காய்ந்த ஜோடியைக் கிளம்பும்போது போடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடும். முடியவில்லை என்றால் டார்க்கிங்கிலும் பாக்ஸ் ஹில் அடிவாரத்திலும் ரயில் நிலையம் உண்டு. லீடரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் மழையில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகும் முன் சைக்கிளுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, செயினைத் துணியால் துடைத்து, எண்ணெய் விடுங்கள். காலை வரை விட்டால் துரு பிடித்துவிடும். ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதை உருவிவிட்டு வேறு தாள் வையுங்கள். ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், அடிப்பாகம் பிய்ந்துவிடும்.