நிபுணர் ஒன்று சொல்ல ஊர் வேறு சொன்னால்: வெளியுறவுக் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதம் வந்தால் மட்டக்களப்பில் ஜெனீவாப் பேச்சு தொடங்கிவிடும்: அங்கே கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி என்ன தீர்மானம் எடுக்கும் என்று. முடிதிருத்தும் கடையில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இந்த முறை பிடி இறுகும்" என்பார் ஒருவர். அன்றிரவே தொலைக்காட்சியில் ஓர் ஆய்வாளர், "அந்தத் தீர்மானங்கள் யாரையும் கட்டுப்படுத்தாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். உடனே நம்மில் பாதிப்பேர் கடையில் பேசியவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், மீதிப்பேர் ஆய்வாளரைத் திட்டுகிறோம்.

முதல் தவறு, முரண்பாட்டைக் கண்டதும் "சனங்களுக்கு விவரம் போதாது" என்று தீர்ப்பெழுதுவது. சில விடயங்களில் அது உண்மைதான். அரசின் செலவில் வெளிநாட்டு உதவிக்கு எவ்வளவு போகிறது என்று அமெரிக்கர்களிடம் கேட்டால், சராசரியாகக் கால்வாசி என்கிறார்கள். உண்மையில் அது ஒரு சதவீதமளவுதான். நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு: 2022 இல் நாடு வங்குரோத்தானது சீனக் கடனால்தான் என்ற நம்பிக்கை. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை அரசு நிறுத்தியபோது, கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் அரசு விற்ற கடன் பத்திரங்களான இறைமை முறிகளுக்குரியது. மூன்றில் ஒன்றுக்கும் மேல். சீனாவின் பங்கு, கணக்கிடும் முறையைப் பொறுத்து, 10 முதல் 20 சதவீதம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததால் துறைமுகக் கடன் தீர்ந்தது என்றும் பலர் நினைக்கிறார்கள். கிடைத்த 112 கோடி டொலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கிவிடப் பயன்பட்டது. கடன் அப்படியே நின்றது. இவற்றை எண்களைக் காட்டித் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

ஆனால் எண்களால் தீராத முரண்பாடும் இருக்கிறது. சிகாகோ உலக விவகார மன்றம் 1970களிலிருந்து அமெரிக்கப் பொதுமக்களின் கருத்தையும் கொள்கை வட்டாரத்தினரின் கருத்தையும் ஒப்பிட்டு வந்திருக்கிறது. உள்நாட்டுத் தொழிலாளரின் வேலையைக் காப்பதை மக்கள் வெளியுறவுக் கொள்கையின் தலையாய இலக்குகளில் வைக்கிறார்கள். கொள்கை வட்டாரத்தினரோ அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இங்கே யாருக்கும் விவரம் குறைவில்லை, கவலைதான் வேறு. ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ மகளைக் குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பிய குடும்பத்துக்கு, வெளியுறவுக் கொள்கை என்பது எஜமான் பறித்து வைத்திருக்கும் கடவுச்சீட்டைத் தூதரகம் மீட்டுத் தருமா என்பதுதான். கொழும்புக் கருத்தரங்குகளில் இந்து சமுத்திரத்தின் அதிகாரச் சமநிலை பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்தக் கடவுச்சீட்டுக்கு அங்கே ஓர் அமர்வுகூடக் கிடைப்பது அரிது.

ஜெனீவா விவகாரத்தில் நடப்பதும் இதுதான். 2021 மார்ச்சில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் 22 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியது. 11 எதிர்த்தன, இந்தியா உட்பட 14 விலகிநின்றன. மனித உரிமைகள் பேரவையால் தடை விதிக்கவோ எவரையும் சர்வதேச நீதிமன்றம் ஒன்றில் நிறுத்தவோ முடியாது. பாதுகாப்புச் சபைக்குப் போனால் சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ எனும் தடுப்பு அதிகாரத்துடன் உட்கார்ந்திருக்கின்றன. ஆய்வாளர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்து உட்காரும் தாய் வாக்குகளையா எண்ணுகிறார்? மகனுக்கு என்ன நடந்தது என்று எங்காவது பதிவாகுமா என்று கேட்கிறார். சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறை ஒன்றை உருவாக்கியது அதே 46/1 தான். அதைச் சொல்லாமல் "பயனில்லை" என்று கைகழுவும் ஆய்வாளர், பாதி விடையை முழு விடையாக விற்கிறார்.

"நிபுணர்கள் சொல்கிறார்கள்" என்ற தலைப்பைக் கண்டால், எந்த நிபுணர்கள் என்று கேளுங்கள். 2002 செப்டெம்பரில் 33 சர்வதேச உறவுப் பேராசிரியர்கள் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்து ஈராக் போரை எதிர்த்தார்கள். வாஷிங்டனின் ஆய்வு நிறுவனங்களில் இருந்த பலரோ ஆதரித்தார்கள். போர் தொடங்கியபோது அமெரிக்க மக்களில் பத்தில் ஏழு பேரளவு அதன் பக்கம். பிலிப் டெட்லொக் என்ற உளவியலாளர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிபுணர்களின் எதிர்வுகூறல்களைச் சேர்த்துச் சோதித்தார். ஊடகங்களில் அதிகம் தோன்றியவர்களின் கணிப்பே மோசமாக இருந்தது. நம் இரவு நேர விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

இதைவிடப் பெரிய தவறு, "கிழக்கு மக்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் கைச்சாத்திட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைக்க வழி செய்தது. மட்டக்களப்புத் தமிழர் பலருக்கு அது நீண்டநாள் கோரிக்கை. கல்முனை, சம்மாந்துறை முஸ்லிம்களுக்கோ, கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்தவர்கள் இணைந்த மாகாணத்தில் சிறு பங்காகச் சுருங்கும் கணக்கு. அம்பாறை நகரச் சிங்களவரின் கவலை வேறு. இம்மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் கருத்து இந்த மாகாணத்தில் எவருடையதும் ஆகாது.

அந்த ஒப்பந்தத்திலேயே கிழக்கு மக்களைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தது: இணைப்புத் தொடர வேண்டுமா என்று 1988 டிசெம்பர் 31 க்கு முன் கிழக்கில் பொதுசன வாக்கெடுப்பு. ஜனாதிபதிகள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது, 2007 இல் மாகாணங்கள் பிரிந்தன. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஆகவே கிழக்கு இணைப்பை விரும்பியது என்று எழுதுகிறவரும் வெறுத்தது என்று எழுதுகிறவரும், எண்ணப்படாத வாக்குகளை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.