இணையச் சமூகங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது எப்படி?

இணையச் சமூகம் ஒன்றை ஆராய விரும்பும் மாணவர்களில் பலர் முதலில் தேடுவது தரவைத்தான். லட்சக்கணக்கான பதிவுகளைத் திரட்டிய பிறகே, அவற்றை வைத்து என்ன கேட்கலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு எதையும் எண்ணாமல் அந்தச் சமூகத்தின் உரையாடல்களை வாசியுங்கள். புதிதாக வருபவருக்கு யார் பதில் சொல்கிறார்கள், எந்தக் கேள்வி கண்டுகொள்ளப்படாமல் போகிறது, மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்) எதை நீக்குகிறார், எழுதப்படாத விதி எது என்று குறித்துக்கொண்டே வந்தால், கேட்க வேண்டிய கேள்வி தானாகத் திரண்டு வரும்.

விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007க்குப் பிறகு குறையத் தொடங்கியது. வரைபடத்தை மட்டும் பார்த்தவர்கள் மக்களின் ஆர்வம் வற்றிவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். ஆரன் ஹாஃபேக்கரும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது: விஷமத் திருத்தங்களைத் தடுப்பதற்காக உருவான கருவிகளும் விதிகளும், நல்லெண்ணத்துடன் எழுத வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்து நீக்கிக்கொண்டிருந்தன, அப்படி விலக்கப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. புதியவர்களின் தொடக்கத் திருத்தங்களை மனிதர்களே படித்து, நல்லெண்ணம் எது, விஷமம் எது என்று பிரித்துப் பார்த்ததால்தான் இது புலப்பட்டது.

அளவீட்டுக்கும் இதே கவனம் தேவை. ஒரு பதில் உதவியாக இருந்ததா என்பதை அறிய, அதற்குக் கீழே ‘நன்றி’ என்ற சொல் வருகிறதா என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ‘பதிலுக்கு நன்றி, இனி நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால் கணினி அதை வெற்றியாகக் கணக்கிடும். வாசிக்கும் மனிதருக்கு அதிலுள்ள வருத்தம் தெரியும். ஆகவே எண்ணத் தொடங்குமுன் சில நூறு பதிவுகளை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, இருவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். இந்த ஒப்புமையை அளக்க கோஹனின் கப்பா என்ற அளவை 1960 முதல் இருக்கிறது. ஆனாலும், கிடைக்கும் எண்ணைவிட, இருவரும் முரண்பட்ட பதிவுகளே உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

தரவில் இல்லாதவர்களையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான சமூகங்களில் எழுதுபவர்களைவிட வாசிப்பவர்களே அதிகம். மனம் நொந்து வெளியேறியவர்களின் பதிவுகளும் நீக்கப்பட்டவையும் உங்கள் கோப்பில் இருக்காது. எனவே ‘உறுப்பினர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எழுதாமல், ‘எழுதியவர்கள் இப்படி எழுதினார்கள்’ என்று எழுதுவதே நேர்மை. மற்றவர்களின் குரல் தேவையென்றால் நேர்காணல்தான் வழி.

அறநெறியைக் கடைசி நேரச் சடங்காக நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. பொதுவெளியில் கிடப்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் போதாது. 2006இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் தேடல் பதிவுகளை, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே செய்தியாளர்கள் அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெடிட் என்ற கலந்துரையாடல் தளத்தின் விவாதக் குழு ஒன்றில், செயற்கை நுண்ணறிவு எழுதிய கருத்துகளை மனிதர்களின் கருத்துகள்போலப் பதிவிட்ட செய்தி 2025 ஏப்ரலில் வெளியானது. உறுப்பினர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை; அந்தக் குழுவின் விதியும் மீறப்பட்டிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு முடிவுகளை வெளியிடுவதில்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியைப் பெறுவதோடு, ஆராயும் சமூகத்தின் விதியையும் படியுங்கள். மட்டுறுத்துநர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

மேற்கோள் காட்டுவதில் பலர் தவறுகிறார்கள். பயனர் பெயரை நீக்கினாலும், நோயைப் பற்றி ஒருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே அச்சிட்டால், அதைத் தேடுபொறியில் இட்டு எழுதியவரை அடைந்துவிடலாம். ‘மருந்தை நிறுத்தி மூன்று வாரமாகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்ற வரியை, ‘சிகிச்சையைக் கைவிட்டதைக் குடும்பத்திடம் மறைத்ததாக ஓர் உறுப்பினர் எழுதினார்’ என்று மாற்றி எழுதுங்கள். மாற்றியதையும் தேடிப் பாருங்கள். சொற்களே ஆய்வுப்பொருளாக இருந்தால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்.

தரவு பெறும் வழிகள் நிலையானவை அல்ல. ட்விட்டர் (இப்போது எக்ஸ்) ஆய்வாளர்களுக்குத் தந்த இலவச ஏபிஐ அணுக்கம், அதாவது நிரல்வழியே தரவைப் பெறும் வசதி, 2023இல் முடிந்தது. அதே ஆண்டில் ரெடிட்டும் தன் ஏபிஐயை அதிகமாகப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. எந்த நாளில், எந்த வழியில், எந்த வடிகட்டலுடன் தரவு எடுத்தீர்கள் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். கட்டுரையைச் சமர்ப்பிக்குமுன் நீங்கள் பயன்படுத்திய பதிவுகள் இன்னும் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். எழுதியவரே நீக்கியிருந்தால், நீங்களும் அந்த எடுத்துக்காட்டை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.