மெனுவில் செயலியைக் காணோமா?

லினக்ஸில் செயலியை நிறுவியாயிற்று, டெர்மினலில் பெயரைத் தட்டினால் திறக்கிறது. மெனுவில் மட்டும் காணோம். அவசரப்பட்டு நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். மெனுவில் தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் சிறிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். பொதுவானவை யுஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற ஃபோல்டர் வரிசையில். உங்களுக்கு மட்டுமானவை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'டாட் லோக்கல்' ஃபோல்டரில், அதே ஷேர், அப்ளிகேஷன்ஸ் வழியில். நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது இடத்தைத்தான். ஒரே பெயரில் இரண்டு இடங்களிலும் கோப்பு இருந்தால் ஹோமில் உள்ளதுதான் செல்லுபடியாகும். மெனு எடிட்டரில் எப்போதோ மறைத்தது அங்கே 'நோடிஸ்ப்ளே=ட்ரூ' என்ற வரியாக உட்கார்ந்திருக்கலாம்; அந்த வரியை எடுத்துவிடுங்கள். கோப்பில் உள்ள 'ட்ரைஎக்ஸெக்' வரி, கணினியில் இல்லாத ஒரு நிரலைச் சுட்டினாலும் பெயர் வராது. ஃப்ளாட்பேக் என்ற நிறுவல் முறையில் முதன்முறையாக நிறுவியதென்றால், ஒருமுறை லாக் அவுட் செய்துவிட்டு வந்து பாருங்கள்.