மக்காச்சோளக் கதிர் பொக்கையாவது ஏன்? மாடித்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், ராமமூர்த்தி நகர் பக்கம் மாடித்தோட்டம் போடும் நம்மவர்கள் ஸ்வீட் கார்னும் வைக்கிறார்கள். செடி ஆள் உயரம் நிற்கும். கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. உடனே சத்து போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, மகரந்தம் சேராததில் இருக்கிறது.

கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணிக்கு உரியது. நூலில் மகரந்தம் விழாவிட்டால் அந்த மணி கிடையாது. இங்கே தேனீயை நம்ப முடியாது, காற்றுதான் எல்லாம். அதனால் கைப்பிடிச் சுவரோரம் ஒரே வரிசையாகப் பைகளை வைப்பதுதான் பெரிய தவறு. அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் மகரந்தம் பக்கத்து மாடிக்குப் போய்விடும். வரிசைக்கு 4 செடி, 4 வரிசை என்று சதுரமாக, ஒரே நாளில் விதையுங்கள்.

செடி குறைவென்றால் கையால் சேர்த்துவிடலாம். காலையில் பனி உலர்ந்ததும் உச்சியிலுள்ள ஆண் பூவைக் காகிதப் பைக்குள் விட்டுத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். வெயில் ஏறினால் அது செத்துவிடும், அப்போதே நூல்மேல் தூவுங்கள். ஒரு நாளோடு நிறுத்தக் கூடாது. அடி மணிகளின் நூல் முதலிலும் நுனி மணிகளின் நூல் கடைசியிலும் வரும் என்பதால் நாலைந்து நாள் தொடர வேண்டும். சேர்ந்ததா என்று பார்க்க, சில நாள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, உறையை மெல்ல விலக்கிக் குலுக்குங்கள். சேர்ந்த நூல் உதிரும், சேராதது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நூல் வரும் சமயம் பை காய்ந்தால் நூல் தாமதமாகும், அதற்குள் ஆண் பூ கொட்டி முடித்திருக்கும். பிப்ரவரியில் விதைத்தால் அந்தச் சமயம் ஏப்ரல் வெயிலில் வந்து விழும். 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது, யோசித்து விதையுங்கள்.

ஆண் பூ வருவதற்கு முன் ஒட்டும் திரவம் கலந்த மருந்தை அடித்தால் கதிர் குட்டையாகவே நின்றுவிடுவதுண்டு. பக்கக் கிளையின் ஆண் பூவிலேயே மணி பிடித்தால் பயப்படாதீர்கள், செடியைப் பிடுங்கவும் வேண்டாம்.

ஸ்வீட் கார்னுக்குப் பக்கத்தில் சாதாரண மக்காச்சோளம் ஒரே சமயம் பூத்தால், அதன் மகரந்தம் விழுந்த மணிகள் அந்தக் கதிரிலேயே இனிப்பை இழந்து மாவாகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் விதைப்பில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.