தரவும் செல்லும் கேபிளா, சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளா?

வீட்டில் சேர்ந்துகிடக்கும் யூஎஸ்பி கேபிள்களை ஒவ்வொன்றாகக் கணினியில் செருகி, பூட்டு திறந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். ‘கோப்புப் பரிமாற்றம்’ என்ற தேர்வு அறிவிப்பில் வந்தால் அது தரவும் கடத்தும் கேபிள், வெறுமனே சார்ஜ் ஏறினால் மற்றது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் வழக்கமாக மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், தரவுக்குப் பச்சையும் வெள்ளையுமாக 4 கம்பிகள் ஓடும். மலிவான சில கேபிள்களில் பின்னவை இரண்டும் இருப்பதில்லை. தட்டையான முனைக்குள் நடுத் தகடுகள் 2 இல்லாதது சிலவற்றில் கண்ணுக்கே தெரியும், ஆனால் 4 தகடுகள் இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

கைப்பேசியின் துளையில் பஞ்சு அடைந்திருந்தாலோ, அலுவலகக் கணினியில் யூஎஸ்பி தடுக்கப்பட்டிருந்தாலோ இந்தச் சோதனை பொய்த்துவிடும் என்பதால், தரவு செல்லும் என்று உறுதியாகத் தெரிந்த கேபிளை முதலில் செருகிச் சரிபாருங்கள். தரவு செல்லாத கேபிளை எறிய வேண்டாம். பொது இடத்து யூஎஸ்பி துளைகளில் சார்ஜ் ஏற்ற அதுவே பாதுகாப்பானது.